உருண்டை உருட்டும் கைபேசி ஆட்டங்கள்: கடினமும் களிப்பும்

திரையில் தோன்றும் ஓர் உருண்டையைக் குறுகிய பாதையில் கீழே விழாமல் உருட்டிச் சென்று முடிவிடத்தில் சேர்ப்பது உருண்டை உருட்டும் ஆட்டம் ஆகும். கைபேசியைச் சாய்த்தோ, திரையில் விரலை இழுத்தோ உருண்டை இயக்கப்படுகிறது. இவ்வகை ஆட்டங்களில் கதையும் உரையாடலும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆடுபவரைப் பிடித்து வைப்பதும் விரட்டி விடுவதும் பெரும்பாலும் கடினத்தின் அளவே. எந்தக் கடினம் மகிழ்ச்சி தருகிறது, எது எரிச்சல் தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லில்லாத ஆட்டம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை ஒரே தெருவில் ஒலிப்பது வழக்கம். சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடி வந்த குடும்பங்களால் இந்தியும் சேர்ந்துள்ளது. எழுத்து தேவைப்படாத ஆட்டத்தை இக்குழந்தைகள் எல்லோரும் ஒன்றுபோல் ஆட முடிகிறது. கோலி என்ற சொல்லும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் பொதுவானது. சொல்லில்லாத ஆட்டத்தில் விதிகளைக் கற்பிப்பது அதன் நிலைகள் அடுக்கப்பட்டுள்ள முறைதான். முதல் நிலையில் அகலமான பாதை, அடுத்ததில் ஒரு வளைவு, அதற்கடுத்ததில் ஒரு பள்ளம் என்று வந்தால் குழந்தை தானாகவே கற்றுக்கொள்கிறது. ஆகவே, கடினத்தைக் கெடுத்தால் பாடமும் கெடும்.

வளர்ந்த வழி

இதன் முன்னோடி, சுவீடனின் பிரியோ நிறுவனம் 1946இல் வெளியிட்ட லேபிரிந்த் என்னும் மரப்பெட்டி. இரு திருகுகளால் பலகையைச் சாய்த்து, துளைகளில் விழாமல் எஃகு உருண்டையை நகர்த்த வேண்டும். 1984இல் அட்டாரி நிறுவனத்துக்காக மார்க் செர்னி வடிவமைத்த மார்பிள் மேட்னஸ் இதனைத் திரைக்குக் கொண்டு வந்தது. சேகா நிறுவனத்தின் சூப்பர் மங்கி பால் 2001இல் வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை 2008 ஜூலையில் திறந்தபோது கிடைத்த முதல் ஆட்டங்களில் அதன் ஐபோன் வடிவமும் ஒன்று. அதே ஆண்டில் சுவீடனின் இல்லூஷன் லேப்ஸ் நிறுவனம் லேபிரிந்த் பெட்டியைச் செயலியாக்கியது. விரலால் இழுத்து ஆடும் கோயிங் பால்ஸ் போன்ற இலவச ஆட்டங்கள் பின்னர் பரவின.

கடினம் எங்கிருந்து வருகிறது?

சதுரங்கக் காயை வைத்த இடத்தில் அது நிற்கும். உருண்டை நிற்காது. கைபேசியைச் சாய்க்கும்போது நாம் தருவது முடுக்கம் மட்டுமே. முடுக்கம் வேகமாகி, வேகம் இடப்பெயர்ச்சியாகிறது. திண்ம உருண்டை 10 பாகைச் சரிவில் வழுக்காமல் உருண்டால், அதன் வேகம் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ நொடிக்கு 1.2 மீட்டர் கூடும். சரிவை நீக்கினாலும் சேர்ந்த வேகம் உடனே போய்விடாது. நிறுத்த வேண்டுமானால் விளிம்பு வருவதற்கு முன்பே எதிர்ப்புறம் சாய்க்க வேண்டும். தெருவில் பழைய டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிய எவருக்கும் இது தெரியும்: திருப்பம் வந்த பிறகு தட்டினால் டயர் சாக்கடையில்தான் விழும்.

கண் பார்த்த பின் கை செயல்படுவது போதாமல், வரப்போவதைக் கை முன்கூட்டியே அறிவதே இங்கு திறமை. அது வாய்க்கும் கணத்தில் ஏற்படும் நிறைவுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான பரிசு.

நியாயமான கடினம்

கற்றல் உளவியலில் தார்ன்டைக் விளக்கிய முயன்று தவறிக் கற்றல் இங்கு அப்படியே பொருந்துகிறது. அதற்கு இரண்டு தேவை. ஏன் விழுந்தோம் என்பது ஆடுபவருக்குத் தெரிய வேண்டும். உடனே மறுபடி முயல முடிய வேண்டும். மார்பிள் மேட்னசில் உருண்டை விழுந்தால் ஆட்டம் முடிவதில்லை, நேரம்தான் குறைகிறது. மிஞ்சிய நேரம் அடுத்த பாதைக்கும் சேர்கிறது. கவனமாக ஆடியதன் பலன் கண்ணெதிரே தெரிகிறது. 2001ஆம் ஆண்டின் சூப்பர் மங்கி பால் தொடக்கநிலைக்கு 10 தளங்கள், உயர்நிலைக்கு 30, வல்லுநர்க்கு 50 எனப் பிரித்து வைத்தது. தன் அளவை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம்.

நியாயமற்ற கடினத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் தொழிலாளி, சாய்த்து ஆடும் ஆட்டத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். கைபேசியின் முடுக்கமானிக்குச் சாய்வும் பிரேக்கும் வேறு வேறாகத் தெரிவதில்லை. ஓட்டுநர் சற்று அழுத்திப் பிரேக் பிடித்தாலே, கருவி அதை ஏறத்தாழ 10 பாகைச் சாய்வாக எடுத்துக்கொள்ளும். உருண்டை பள்ளத்தில் விழும். தவறு ஆடியவருடையதன்று, அதிலிருந்து கற்க எதுவும் இல்லை. மேலும், அதிகமாகச் சாய்க்கும்போது திரையே கண்ணை விட்டு விலகுகிறது. விரலால் இழுக்கும் முறைக்குப் பல ஆட்டங்கள் மாறியது இவ்வகையில் நல்ல திருத்தமே.

கோலியுடன் ஓர் ஒப்பீடு

கோலியும் எளிதன்று. நடுவிரலை வில்லாக வளைத்து, தொலைவில் உள்ள கோலியை அடிக்கவோ குழியில் தள்ளவோ பல நாள் பழக வேண்டும். ஆனால் கோலி ஆட்டத்தில் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் எதிரே ஆட்கள் இருக்கிறார்கள். சிறுவன் திணறினால், “நீ கிட்ட வந்து அடிடா” என்று அண்ணன் கோட்டைத் தள்ளிப் போடுவான். நன்கு ஆடுபவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மாணவன் தனியாகச் செய்ய முடிவதற்கும் பிறர் உதவியுடன் செய்ய முடிவதற்கும் இடையில் கற்றல் நிகழ்கிறது என்று வைகாட்ஸ்கி சொன்னதை அந்த அண்ணன் படித்திருக்க மாட்டான், செய்து காட்டுகிறான். செயலியில் பல வேளைகளில் இந்த அண்ணன் இல்லை. முடியாதவனும் வல்லவனும் ஒரே பள்ளத்தின் முன் நிற்கிறார்கள்.

விலைக்கு வரும் கடினம்

அண்ணனின் இடத்தை இன்று விளம்பரம் பிடித்திருக்கிறது. பல இலவச ஆட்டங்களில் உருண்டை விழுந்ததும், விளம்பரம் பார்த்தால் விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம் என்ற பொத்தான் வருகிறது. விழுந்த காரணத்தை மனம் அசைபோட வேண்டிய அந்தச் சில விநாடிகளை விளம்பரம் எடுத்துக்கொள்கிறது. அது முடிவதற்குள் கை தன் பிழையை மறந்துவிடும். பள்ளத்தைத் தாண்டக் கற்காமலேயே குழந்தை அடுத்த நிலைக்குப் போய்விடும். அங்கே இன்னும் பெரிய பள்ளம் காத்திருக்கும், இன்னொரு விளம்பரமும். படிக்காமல் தேர்ச்சி பெற்ற மாணவன் மேல் வகுப்பில் திணறுவதை ஒத்தது இது.

இதற்கு மறுதரப்பும் உண்டு. 2008இல் சூப்பர் மங்கி பால் ஐபோன் ஆட்டத்தின் விலை 9.99 டாலர், அன்றைய மதிப்பில் 400 ரூபாய்க்கு மேல். தொழிலாளியின் வீட்டுக்கு இத்தகைய ஆட்டம் காசின்றி வந்து சேர விளம்பரமே காரணம். விளம்பரம் வருவதில் தவறில்லை. வரும் இடம்தான் முக்கியம். ஒரு நிலையை வென்ற பின் வரும் விளம்பரம் பாடவேளைக்குப் பின் அடிக்கும் மணி. விழுந்த கணத்தில் வருவது பாடத்தின் நடுவே அடிக்கும் மணி.

மதிப்பீடு

உருண்டை ஆட்டம் கடினமாக இருப்பது குறையன்று. எளிதாக்கினால் நிறைவும் போய்விடும். விழுந்ததன் காரணம் தெரிகிறதா, உடனே மறுமுயற்சி கிடைக்கிறதா, ஒவ்வொரு நிலையும் முந்தையதில் கற்றதைப் பயன்படுத்துகிறதா என்ற மூன்று கேள்விகளால் ஓர் ஆட்டத்தின் தரத்தை அளக்கலாம். பெற்றோர் குழந்தையின் அருகில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கவனித்தாலே விடை கிடைக்கும். விழுந்ததும் குழந்தை பாதையைப் பார்த்தால் அது நல்ல ஆட்டம். பொத்தானைத் தேடினால், கைபேசியை வாங்கி வைத்துவிட்டு நான்கு கோலிகளைக் கையில் கொடுக்கலாம்.