‘இணைக்க முடியவில்லை’

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆறு வாரமாகக் காலை 9 மணிக்கு நான் முதலில் திறப்பது ஒரு டேஷ்போர்டைத்தான். நேற்றைய விற்பனை, கிடங்கு இருப்பு, காலாவதி நெருங்கும் சரக்கு, வசூலாகாத பாக்கி, எல்லாம் ஒரே திரையில். வரைபடங்கள் அழகு, வேகம் போதும், செல்போனிலும் ஒழுங்காகத் தெரிகிறது. அதையெல்லாம் விளம்பர வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். டேட்டாபேஸோடு தொடர்பு அறுந்துபோனால் இது நம்மிடம் என்ன சொல்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஒரே வாக்கியம்தான் சொல்கிறது. ‘இணைக்க முடியவில்லை, அமைப்புகளைச் சரிபார்க்கவும்.’ காரணம் எதுவானாலும் அதே வாக்கியம், அதே சிவப்புப் பட்டை. மென்பொருளின் பெயரை எழுதவில்லை. நான் தொட்டுப் பார்த்த வேறு சிலவற்றிலும் இதே பழக்கம் இருப்பதால், ஒன்றை மட்டும் நிறுத்திவைத்துக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

முதல் நாளே அந்தப் பட்டை வந்தது. டேஷ்போர்டை டாக்கர் கன்டெய்னருக்குள் நிறுவியிருந்தோம். டேட்டாபேஸ் அதே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது என்று முகவரியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தேன். கன்டெய்னருக்குள் ஓடும் மென்பொருளுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். அங்கே டேட்டாபேஸுக்கான 5432 போர்ட்டில் யாரும் இல்லை. டேட்டாபேஸோடு பேசும் டிரைவர் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கும்: ‘இணைப்பு மறுக்கப்பட்டது.’ அந்த இரண்டு சொல் எவ்வளவு பெரிய தகவல்! கதவைத் தட்டியதும் ‘அவர் இங்கே இல்லை’ என்று பதில் வருவது வேறு, தட்டிக்கொண்டே நின்றும் சத்தமே வராதது வேறு. முன்னதில் போர்ட்டையும் முகவரியையும் பார்க்க வேண்டும். பின்னது பெரும்பாலும் ஃபயர்வால். இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் போட்டு மூடிவிட்டால், பழுது பார்ப்பவர் எந்தப் பக்கம் நடக்கத் தொடங்குவார்?

இரண்டாவது வாரம் பாஸ்வேர்டில் ‘@’ குறி இருந்ததால் வந்த சிக்கல். இணைப்பு முகவரியை ஒரே வரியாக எழுதும்போது அந்தக் குறியை %40 என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் பிடிபட்டது.

நான்காவது வாரம் வந்ததுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸை 11-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாற்றினோம். திங்கள், செவ்வாய், புதன், எல்லாம் ஒழுங்காக ஓடியது. வியாழன் மாலை வழக்கப்படி பாஸ்வேர்டை மாற்றினேன். வெள்ளி காலை கணக்குப் பிரிவிலிருந்து அக்கா கூப்பிட்டார். “தம்பி, வசூல் லிஸ்ட் வரல. செவப்பா ஏதோ நிக்குது. பசங்க லைனுக்குக் கிளம்பணும்.”

பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்று முறை மாற்றினேன். அதே பாஸ்வேர்டோடு சர்வரில் பிஎஸ்க்யூஎல் கருவியில் நுழைந்தால் உள்ளே விடுகிறது, டேஷ்போர்டில் கொடுத்தால் சிவப்புப் பட்டை. கடைசியில் போஸ்ட்கிரெஸ் லாக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு தவறென்றால் அதில் ஒரு வரி விழும். விழவே இல்லை. அப்படியானால் பாஸ்வேர்டு அதுவரை போய்ச் சேரவே இல்லை. வாசலிலேயே பேச்சு முறிந்திருக்கிறது.

நடந்தது இது. போஸ்ட்கிரெஸ் 2017-இல், 10-ஆம் பதிப்பில், ஸ்க்ராம் என்ற வலுவான அங்கீகார முறையைக் கொண்டுவந்தது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து புதிதாக வைக்கும் பாஸ்வேர்டுகள் இயல்பாகவே அந்த முறையில் பதிவாகும். பதிப்பை உயர்த்தும்போது பழைய பாஸ்வேர்டுகள் பழைய எம்டி5 வடிவத்திலேயே கூட வந்துவிடும். அதனால்தான் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. வியாழன் மாலை மாற்றிய நொடியில் எங்கள் பாஸ்வேர்டு ஸ்க்ராமுக்கு மாறிவிட்டது. டேஷ்போர்டு தன்னோடு கட்டிக்கொண்டு வந்த ஜேடிபிசி டிரைவரோ ஸ்க்ராம் தெரியாத பழையது. 42.2.0 பதிப்பிலிருந்துதான் அந்த டிரைவருக்கு ஸ்க்ராம் தெரியும். ‘அங்கீகார வகை 10 எனக்குத் தெரியாது’ என்று அது சொல்லியிருக்கிறது. மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் நான்கு படி உள்ளே போனால் கிடைக்கும் லாக் கோப்பில் அந்த வரியை நானே பார்த்தேன். தெரிந்த காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பொதுவான ஒரு வாக்கியத்தைக் காட்டியிருக்கிறது. டிரைவர் கோப்பை மாற்றி வைத்ததும் எல்லாம் உயிர் பெற்றது. அதற்குள் மணி பன்னிரண்டரை. லைனுக்குப் போகும் பையன்கள் பழைய லிஸ்ட்டோடு கிளம்பிப் போய்விட்டார்கள்.

இப்படித் தவிக்கும் நேரத்தில்தான் பலர் போஸ்ட்கிரெஸ்ஸின் அங்கீகார விதிக் கோப்பைத் திறந்து ‘டிரஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். டேஷ்போர்டும் உடனே வேலை செய்யும். ஏனென்றால் அந்த விதிக்கு உட்பட்ட யாரும் இனி பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வரலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒரு மோசமான எரர் செய்தி பூட்டையே கழற்ற வைக்கிறது என்பதுதான் என் உண்மையான கோபம்.

பாதுகாப்புக்காகத்தான் விவரத்தை மறைக்கிறோம் என்ற வாதம் எனக்குத் தெரியும். அதில் பாதி சரி. எஸ்க்யூஎல் சர்வர் என்ற வேறொரு டேட்டாபேஸில் 18456 என்ற எரர் வரும்போது, பயனர் பெயர் தவறா, பாஸ்வேர்டு தவறா என்று வெளியே சொல்லாது. உள்ளே சர்வர் லாக்கில் மட்டும், பெயர் தவறென்றால் நிலை 5, பாஸ்வேர்டு தவறென்றால் நிலை 8 என்று குறித்து வைக்கும். வாசலில் நிற்கும் அந்நியனுக்கு எது சரி, எது தவறு என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது நல்ல யோசனை. எதை மறைக்கலாம் என்று டேட்டாபேஸ் ஏற்கெனவே அளந்துவிட்டது. அது சொல்லலாம் என்று விட்டதையும், நிர்வாகியாக நுழைந்து நிற்கும் எனக்கே சொல்லாமல் வைப்பது எந்தப் பாதுகாப்பு?

போன வாரம் மறுபடியும் சிவப்பு. இந்த முறை டேஷ்போர்டின் வாக்கியத்தைப் படிக்கக்கூட இல்லை, நேராக போஸ்ட்கிரெஸ் லாக்குக்குப் போனேன். ஏற்கெனவே அளவுக்கு மேல் இணைப்புகள் இருக்கின்றன என்று வருத்தம் தெரிவித்து ஒரு வரி. இயல்பான வரம்பு 100. கிடங்கிலும் கவுன்டரிலும் ஆறு திரைகளை நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்படி நாங்களே வைத்திருந்தோம், ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக ஓர் இணைப்பைப் பிடித்திருக்கிறது. இணைப்புத் தொகுப்பின் அளவைக் குறைத்தேன், புதுப்பிக்கும் இடைவெளியைப் பத்து நிமிடமாக்கினேன். மொத்தம் நான்கு நிமிட வேலை.

சந்தா மார்ச்சில் முடிகிறது. வரைபடங்களுக்காக இதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் முதலாளி. அதற்குள் இன்னும் இரண்டு மென்பொருள்களைச் சோதனைக்கு எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். நிறுவியதும் இரண்டிலும் முதலில் தவறான பாஸ்வேர்டு, அடுத்து தவறான போர்ட், அதற்கடுத்து ஃபயர்வாலில் அடைத்த முகவரி கொடுத்துப் பார்ப்பேன். மூன்றுக்கும் மூன்று வேறு பதில் வந்தால்தான் வரைபடத்தைத் திறப்பேன்.