தீவுக்கு ஒரு பகல், மலைக்கு ஒரு காலை

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறுகிற சுற்றுலா பஸ்கள் மண்டைதீவுச் சந்தியில் நிற்பதில்லை. தெற்கே பிரியும் பாதையைப் பார்க்கவும் நேரமின்றி அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓடுகின்றன. படகு காத்திருக்காது. நயினாதீவுக்குக் கடலில் இருபது நிமிடம் போதும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பிற்பகல் படகை விட்டவருக்கு இரவு அங்கேதான். தீவகத்தில் ஒரு நாள் சரித்திரப் பயணம் போகிறவர் எதைப் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன்னமே எப்போது திரும்புவது என்பது தீர்மானமாகிவிடுகிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடக்கும் வரலாற்றுப் பயணத்துக்கும் கடிகாரம் உண்டு. அங்கே அதை வெயில் வைத்திருக்கிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலையோ யானைமலையோ, பாறை சூடேறுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். இரண்டு பயணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயணத்தில் யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்ற இடத்தில்தான் பாதை பிரிகிறது.

குறிகட்டுவானில் ஒரே படகில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். பெருங்கூட்டம் தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகர்கள். வெள்ளை உடை, தாமரைப்பூ, கிராமத்துக்கொரு பஸ். அவர்களுக்கு நயினாதீவு ‘நாகதீபம்’. மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் வந்த இடம். கூட்டத்தை நடத்திவரும் ‘நடே குரா’ வழி முழுதும் அந்தக் கதையைச் சொல்லியே கொண்டுவந்திருப்பார். அதே படகில் ஒன்றிரண்டு வெளிநாட்டவர் இருப்பார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் கழுத்தில் தொங்கவிட்ட வழிகாட்டி அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வார். மிச்சம் நாங்கள்: நேர்த்திக்கடனுக்கு நாகபூசணி அம்மனிடம் போகும் யாழ்ப்பாணத்தவர், விடுமுறைக்கு வந்த கனடாக்காரர், பள்ளிப் பிள்ளைகள். இந்த மூன்றாவது கூட்டத்துக்குத்தான் சொல்ல ஆளில்லை. சொந்த ஊர் தெரியாதா என்ன என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதன் விளைவு அது.

தெரியாது என்பதற்குச் சான்று அம்மன் கோயிலிலேயே இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் தமிழில் பொறித்தது. பரதேசிகளான வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூட வேண்டும், அவர்களுக்குக் காவல் கிடைக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் கெட்டால் சரிபாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இதை 1963இல் பதிப்பித்தார். கப்பல் உடைந்த அந்நியனின் பொருளில் அரசுக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு என்று கணக்காகச் சொல்லும் ஒரு சட்டம் இங்கே தமிழில் நிற்க, பெரும்பாலானோர் அர்ச்சனைத் தட்டோடு அதைக் கடந்து அமுதசுரபி அன்னதான மண்டபத்துக்குப் போகிறார்கள். பசித்தவரைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் உணவுக்கு முன் ஐந்து நிமிடம் ஒருவர் நின்று அதை வாசித்துச் சொன்னால், பிள்ளைக்கு அது வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படித்ததை விட நன்றாக மனதில் நிற்கும்.

அந்தக் கப்பல்களில் என்ன வந்தது என்பதைக் காட்டும் இடத்தையும் பஸ் காலையிலேயே தாண்டியிருக்கும். அல்லைப்பிட்டியில் ஜோன் கார்ஸ்வெல் 1977இல் அகழ்ந்தபோது 11, 12ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடைத்தன. சட்டம் நயினாதீவில், சரக்கு அல்லைப்பிட்டியில், துறைமுகம் ஊர்காவற்றுறையில். மூன்றையும் ஒரே நாளில் கோர்க்கலாம். கோர்க்கிற பயணம்தான் இல்லை.

நெடுந்தீவில் கதை வேறு. இறங்கியதும் வாடகைக்குப் பிடிக்கிற வாகனத்தின் சாரதிதான் வழிகாட்டி. பவளக்கல்லில் அடுக்கிய வேலிகள், இடிந்த கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், வெளியில் மேயும் குதிரைகள் என்று ஓட்டிக்கொண்டே போவார். “அண்ணை, உது வளருற கல்லு, நான் சின்னனில பார்க்கேக்க இவ்வளவுதான்” என்று முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். எனக்கு இந்தச் சாரதிமாரைப் பிடிக்கும்; அவர்கள் பிழையாகச் சொன்னாலும் அது ஊரின் பிழை, வாடகைக்கு வாங்கிய பிழையல்ல. இருந்தும் வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்லும் கற்குவியலுக்கு வந்ததும் வண்டி கொஞ்சம் அவசரப்படும். தமிழ்ச் சிற்றரசனின் கோட்டை என்று ஒரு சாரார். பௌத்த தூபிகளின் அடித்தளம் என்று மற்றொரு சாரார். தமிழர் பௌத்தராகவும் இருந்த காலம் ஒன்று உண்டு என்று நிதானமாகச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். சாரதிக்கு அந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. அவருக்குப் படகு நேரம் இருக்கிறது. மாவிலித்துறையில் குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. அதைக் கேட்டால் காட்டுவார்கள்.

இனி மதுரை. 2010ஐ ஒட்டி யானைமலையைக் குடைந்து ‘சிற்ப நகரம்’ ஆக்கும் யோசனை ஒன்று எழுந்தது. மலையடி ஊரான நரசிங்கத்தின் மக்கள் எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. அந்தச் சூழலில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் குடும்பம் குடும்பமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப்போனது. வருகிறவர் சுற்றுலாப் பயணி இல்லை, மதுரைக்காரர். ஆசிரியர், வங்கி ஊழியர், பாட்டி, தோளில் குழந்தை. பாறையில் எல்லோரும் உட்கார, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டின் முன் நின்று தமிழில் பேசுவார்கள். இறங்கினால் மரத்தடியில் இட்லியோ பொங்கலோ.

அங்கே பேசப்படுவது எளிய சரக்கு அல்ல. மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டித் தந்ததைச் சொல்லும் தமிழ் பிராமி எழுத்துகள், ஈராயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. யானைமலை நரசிங்கர் குடைவரையை, பாண்டிய அமைச்சன் மாறன் காரி 770இல் எடுத்தான். குடமுழுக்குக்கு முன் அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தான். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த கதை என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். அப்படிப் புரியவைப்பதில்தான் திறமை இருக்கிறது. தமிழக அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஒருநாள் பேருந்துப் பயணம் இதற்கு நேர்மாறு: காலையில் ஏறி, காஞ்சிபுரம், மாமல்லபுரம் பார்த்து, இரவு வீட்டில். ஒழுங்கானது, நம்பகமானது. ஆனால் யாரும் பாறையில் உட்காருவதில்லை.

சொல்வதால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு குன்றுகள், எட்டாம் நூற்றாண்டு லகுலீசர் சிற்பம், தமிழ் பிராமி, சுனைகள், வல்லூறுகள். 2022 நவம்பரில் 193.42 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. மேலூர்ப் பக்கத்து ஊர்கள் திரண்டு மதுரைக்கு நடந்தன. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. வென்றது விவசாயிகள்; மலை நடை போனவர்கள் வென்றார்கள் என்று சொன்னால் அது அவர்களுக்கே கூச்சமாயிருக்கும். ஆயினும் அந்தக் குன்றில் என்ன இருக்கிறது என்பது, போராட்டம் வருவதற்கு முன்பே மதுரையில் ஆயிரக்கணக்கானோருக்கு நேரில் தெரிந்திருந்தது.

இதைக் கேட்டு இந்தியா கெட்டிக்கார நாடு, இலங்கை பின்தங்கிவிட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கண்டிக்குத் தென்மேற்கே உள்ள மலைப்பகுதியில் எம்பக்கை, லங்காதிலக, கடலாதெனிய என்ற மூன்றையும் ஒரே நாளில் சுற்றுவது நன்கு பழகிய பயணம். அனுமதிபெற்ற வழிகாட்டி, ரிக்கற், அறிவிப்புப் பலகை, நடைபாதை எல்லாம் உண்டு. அமைப்பு என்று பார்த்தால் மதுரைக் குன்றுகளை விட மேல். அங்கே எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1344இல் கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியர். அதே ஆண்டு லங்காதிலகவின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்துக்குக் கல்விச் சுற்றுலா போகும் பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவிலும் நுவரெலியாக் குளிரிலும் இறக்குகிறோம். லங்காதிலகவின் தமிழ் எழுத்தை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

மதுரை முறையிலும் ஓட்டை உண்டு. அது ஓரிரு மனிதரின் உழைப்பில் ஓடுகிறது. அறிஞர் வராத ஞாயிறு வெறும் மலையேற்றமாகிவிடும். பாண்டியரும் சமணரும் பேசப்படும் அளவுக்கு, மலையடிக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் ஊராரின் நேற்றைய வாழ்க்கை பேசப்படுவதில்லை என்றும் எனக்குத் தோன்றும். தீவகத்திலோ நேற்றையதைப் பேசாமல் ஓரடியும் வைக்க முடியாது. மதுரையிலிருந்து அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டினால் பொருந்தாது என்பதற்கு இதுதான் காரணம்.

மண்டைதீவையே எடுங்கள். கோட்டைக்கு எதிரே, கண்டல் சூழ்ந்த தாழ்ந்த தீவு. திருவெண்காட்டுச் சித்திவிநாயகர், கத்தோலிக்கத் தேவாலயம், மீன்பிடித்துறை. 1986 யூன் 10 அன்று இந்தக் கடலில் குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1990இல் இராணுவம் இங்கே இறங்கியது, ஊர் இடம்பெயர்ந்தது, காணாமற்போனவர்களின் உறவினர் இன்னமும் கிணறுகளைச் சுட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2025 செப்ரெம்பர் 1 அன்று சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்குச் சனாதிபதி அடிக்கல் நாட்டினார். இனி பஸ்கள் இந்தச் சந்தியில் நிற்கும். என்ன சொல்லப்படும் என்பதுதான் தெரியவில்லை.

மண்டைதீவுக்குப் படகு நேரம் பார்க்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. பண்ணையிலிருந்து சைக்கிளிலேயே போகலாம். வெயில் ஏறுவதற்குள் சந்தியிலிருந்து கண்டல் ஓரமாக நடந்து, கோயிலடியில் உட்கார்ந்து, எதிரே தெரியும் கோட்டையையும் கடலையும் பற்றி ஒருவர் பேச, பிறகு அல்லைப்பிட்டிக்குப் போய்ப் பீங்கான் கதையைக் கேட்டு முடிக்கலாம். பேச யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்த இளையவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறியாததைச் சொல்ல ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். சோளகம் அடித்து ஓய்ந்த பிறகு, மாரி மழைக்கு முன், ஒரு ஞாயிறு தோதானது. தனியார் காணி எது, அனுமதி வேண்டிய இடம் எது என்று கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தேத்தண்ணியும் பிட்டும் யார் வீட்டில் என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும்.