பேச மறுத்த பூவை

பாடத்தைப் பொருளறியாமல் ஒப்பிக்கும் மாணவனைக் 'கிளிப்பிள்ளை' என்று கடிந்துகொள்வது நம் வழக்கம். சொன்னதைச் சொல்வதுதான் கிளியின் வேலை என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் தமிழின் பெருநூல் ஒன்றில் வரும் வளர்ப்புப் பறவைகள் இந்த எண்ணத்துக்கு அடங்குவதில்லை. அந்நூல் நம்மாழ்வாரின் திருவாய்மொழி. தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி, அதாவது பழைய குருகூர், அவருடைய ஊர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்நூலில் 1,102 பாசுரங்கள் உள்ளன. அவற்றுள் தலைவி பறவைகளிடம் பேசும் பாடல்கள் பல. அவற்றின் பக்திப் பொருளை விளக்கப் பேருரைகள் இருக்கின்றன. பறவைக்குப் பேச்சுப் பழக்குவது பற்றி அப்பாடல்கள் காட்டும் செய்திகள் இன்றைய அறிவியலுக்குப் பொருந்துகின்றனவா என்பதை மட்டும் இங்கே ஆராய்வோம்.

முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் தலைவி ஓர் இளங்கிளியை அழைக்கிறாள். நான் வளர்த்த கிளி அல்லவா நீ என்று உரிமை கொண்டாடி, தலைவனிடம் தனக்காக ஒரு சொல் சொல்லும்படி கேட்கிறாள். கிளி இளமையானது, அவள் கையில் வளர்ந்தது என்ற இரண்டு குறிப்புகளும் கவனிக்கத்தக்கவை. கிளிகள் கூட்டமாக வாழ்பவை. தம் கூட்டத்தின் குரலை அவை குஞ்சுப் பருவத்திலேயே கற்கத் தொடங்குகின்றன. வெனிசுலா நாட்டுச் சிறு கிளிகளில் ஒவ்வொரு குஞ்சும் தனக்குரிய அழைப்பொலியைப் பெற்றோரிடமிருந்தே கற்கிறது என்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதரிடம் வளரும் குஞ்சுக்கோ மனிதரே கூட்டம், மனிதக் குரலே கூட்டத்தின் குரல். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள ஒலியுறுப்பாலும் தடித்த நாக்காலும் அது அக்குரலை உருவாக்கிக் காட்டுகிறது. ஆகவே கவிஞரின் கிளி, அறிவியலுக்கும் ஏற்ற கிளியே.

அடுத்த பாசுரம் இன்னும் நுட்பமானது. இங்கே வருவது பூவை, அதாவது மைனா இனத்தைச் சேர்ந்த நாகணவாய்ப்புள். என் நோயைத் தலைவனிடம் எடுத்துச் சொல் என்று பணித்தேன், நீ சொல்லாமல் இருந்துவிட்டாய், இனி உன் அலகில் இனிய சோறு வைப்பவர் வேறு யாரையாவது தேடிக்கொள் என்று தலைவி மனம் வெறுத்துப் பேசுகிறாள்.

பறவை வளர்த்தவர் எவரும் இந்த ஏமாற்றத்தை அறிவர். தனியே இருக்கும்போது ஓயாமல் பேசும் பறவை, விருந்தினர் முன் வாயைத் திறக்காது. இது பிடிவாதமன்று. ஒரு சொல்லைக் கற்பது ஒரு பாடம், கேட்டவுடன் அதைச் சொல்வது வேறொரு பாடம். இரண்டாவதற்கு ஒரே மாதிரியான குறிப்பு வேண்டும். ஒரு கேள்வியோ கையசைவோ அக்குறிப்பாக இருக்கலாம். குறிப்புக்குப் பின் சொல் வந்தால் உடனே சிறு பரிசு தர வேண்டும். குறிப்பில்லாமல் சொன்னால் பரிசு கூடாது. பிறகு வேறு அறையிலும் வேறு ஆட்கள் முன்னும் இதையே பழக்க வேண்டும். தலைவியின் பூவை அவள் கையில் பழகியது. சொல்ல வேண்டிய இடமோ வேறு, கேட்பவரும் வேறு. அது மௌனமாக இருந்ததில் வியப்பில்லை. சோற்றை நிறுத்துவதால் பேச்சும் வராது. பறவை வாடும், அவ்வளவே.

ஆறாம்பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் கிளிகளுக்குத் தன் கையாலேயே நெய் கலந்த சோறும் பாலும் நாள்தோறும் தருவதாகத் தலைவி ஆசை காட்டுகிறாள். இரண்டு குறைகளை இங்கே சொல்லியாக வேண்டும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைகளுக்கு இல்லை. ஆகவே இவ்விருந்து பாட்டோடு நிற்கட்டும். அடுத்தது, எந்தச் சொல்லுக்கும் ஒரே தின்பண்டம் என்றால் பறவை ஒலியைக் கற்குமே தவிரப் பொருளைக் கற்காது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பர்க் என்னும் அம்மையார் 1977இல் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வாங்கி, வேறொரு வழியில் பழக்கினார். ஒருவர் பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார், மற்றவர் சரியாகச் சொல்லி அப்பொருளையே பெறுவார், கிளி பார்த்துக்கொண்டிருந்து போட்டிக்கு வரும். சாவி என்று சொன்னால் சாவிதான் பரிசு. 2007இல் இறப்பதற்குள் அலெக்ஸ் சுமார் 50 பொருள்களின் பெயர்களையும் 7 நிறங்களையும் 5 வடிவங்களையும் சொல்லக் கற்றிருந்தது. சலித்துப்போனால் அதுவும் பதில் சொல்ல மறுத்ததுண்டு. பூவைக்கு நல்ல துணை!

ஒன்பதாம்பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில்தான் சிக்கல் வருகிறது. தயிர்ச்சோறும் பாற்சோறும் ஊட்டிச் சொல் பழக்கிய குயிற்குஞ்சுகள் இப்போது கண்ணன் பெயரையே குழறித் தன்னை வதைப்பதாகத் தலைவி புலம்புகிறாள். பறவைகளில் கேட்டுக் கற்கும் குரலுடையவை கிளிகள், பாடும் பறவைகள், தேன்சிட்டை ஒத்த அமெரிக்க ஹம்மிங் பறவைகள் ஆகியவையே. குயில் இவற்றில் சேராது. காகத்தின் கூட்டில் பிறந்து காகத்தால் ஊட்டப்பட்டும், வளர்ந்தபின் அது குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறவியிலேயே அமைந்தது. ஆகவே குயிலுக்குச் சொல் பழக்கினாள் என்பது இயற்கைக்குப் பொருந்தாது.

ஆயினும் கவிஞர் 'குழறி' என்ற சொல்லை இட்டிருப்பதை நோக்க வேண்டும். தெளிவில்லாத ஒலியில் தெளிவான பெயரைக் கேட்பவள் தலைவி. சொல் இருப்பது குயிலின் வாயிலன்று, அவள் செவியில். கிளியின் மழலையில் தம் குழந்தையின் பெயரைக் கேட்டு மகிழ்வோர் இன்றும் உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் பறவையின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதை வளர்க்காத ஒருவரைக் கேட்கச் செய்து சோதிக்கிறார்கள். பறவை நூலாகப் படித்தால் இப்பாசுரம் தவறுகிறது. மனித மனத்தைப் பற்றிய சான்றாகப் படித்தால் சரியாகவே இருக்கிறது.

இவற்றுள் சிறந்தது எது என்று கேட்டால், பேசாத பூவையின் பாசுரத்தையே சொல்வோம். பறவையை ஒலிப்பதிவுக் கருவியாகக் காணாமல், பேசவும் பேசாதிருக்கவும் கூடிய உயிராகக் காட்டுவது அது ஒன்றே.

இதைப் படித்துவிட்டு மரப்பொந்துகளில் பச்சைக்கிளிக் குஞ்சுகளைத் தேட எவரும் புறப்பட வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழக்கிப் பார்க்க விரும்புவோருக்கு, கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகிவரும் ஆஸ்திரேலியப் பட்ஜரிகர் போதும். 'லவ் பேர்ட்ஸ்' என்று கடைகளில் விற்கப்படும் அச்சிறு கிளியும் சொற்களைக் கற்கவல்லது. தாமிரபரணிக் கரையின் பச்சைக்கிளிகளுக்கோ அவற்றின் பெற்றோரே ஆசிரியர்கள். மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் மாலையில் ஆற்றோரம் அமர்ந்து, எந்த ஒலிக்கு எந்தக் கிளி மறுமொழி தருகிறது என்று குறித்து வரலாம். சொன்னதைச் சொல்வதற்கு மேலும் கிளியிடம் எவ்வளவு உண்டு என்பது அப்போது தெரியும்.