இல்லை என்று சொல்லத் தெரிந்த வில்லை

கரும்பொருளைத் தேடும் வழிகளில் நான் பெரிதும் மதிப்பது ஈர்ப்பு நுண்வில்லை முறையை. தேடப்படுவது எதனால் ஆனது என்று அது கேட்பதில்லை. எடை இருந்தால் போதும். தொலைவிலுள்ள விண்மீனுக்கும் நமக்கும் நடுவே இருண்ட பொருள் ஒன்று குறுக்கிட்டால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துக் குவிக்கும். விண்மீன் பிரகாசமாகி மெல்லத் தணியும். ஆனால் அந்த எடை ஓரிடத்தில் திரண்டிருக்க வேண்டும். கரும்பொருள் நுண்துகள்களாகப் பரவிக் கிடந்தால் இந்த முறைக்கு வேலையே இல்லை.

இதை நேரில் காண வாய்ப்பில்லை என்றே ஐன்ஸ்டைன் 1936-இல் எழுதினார். போலந்தில் பிறந்த வானியலாளர் போடான் பச்சின்ஸ்கி 1986-இல், பெரிய மெகல்லன் முகில் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தின் விண்மீன்களை லட்சக்கணக்கில் ஒருசேரக் கண்காணிக்கலாமே என்றார். பால்வழியின் கரும்பொருள் முழுவதும் இருண்ட உருண்டைகளே என்று வைத்துக்கொண்டாலும், எந்த நொடியிலும் சுமார் 20 லட்சம் விண்மீன்களுக்கு ஒன்றுதான் இப்படிப் பிரகாசிக்கும். தாமாகவே ஒளி மாறும் விண்மீன்களோ ஏராளம். நுண்வில்லை நிகழ்வைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள்: ஏற்றமும் இறக்கமும் ஒரே சாயலில் இருக்கும், எல்லா நிறத்திலும் ஒரே அளவு கூடும், மறுபடி நிகழாது. இப்படிக் கண்காணித்த மேச்சோ குழு 1993-இல் அறிவித்த முதல் நிகழ்வில் ஒரு விண்மீன் ஏறத்தாழ ஏழு மடங்கு ஒளிர்ந்து, சுமார் ஒரு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்திலிருந்து வில்லையைப் பற்றிக் கிடைக்கும் உருப்படியான எண், நிகழ்வு நீடித்த காலம் ஒன்றே. எடை, தொலைவு, வேகம் மூன்றும் அதற்குள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. கனத்த பொருள் விரைந்து கடந்தாலும், இலேசான பொருள் மெதுவாகக் கடந்தாலும் வரைபடம் ஒன்றுதான். 2000-இல் மேச்சோ குழு, கரும்பொருளில் சுமார் 20 சதவீதம் சூரியனில் பாதி எடையுள்ள பொருள்கள் என்று கணித்தது. 3.3 கோடி விண்மீன்களைப் பார்த்த ஈரோஸ் குழு 2007-இல், அதே எடையில் 8 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது என்றது. மேச்சோ பட்டியலின் ஒரு விண்மீன் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பிரகாசித்து, நுண்வில்லைக்குத் தொடர்பே இல்லை என்று காட்டிக்கொடுத்தது. இன்னொரு நிகழ்வின் வில்லையை ஹபிள் தொலைநோக்கி படமே எடுத்துவிட்டது: நம் பால்வழியிலேயே உள்ள சாதாரணச் செங்குறளை விண்மீன்!

‘உண்டு’ என்று சொல்லும்போது தடுமாறும் இந்த முறை, ‘இல்லை’ என்று சொல்வதில் அசாத்தியமானது. ஈர்ப்பலைகள் வழியே கனத்த கருந்துளைகள் தென்பட்டதும், கரும்பொருளே அவைதானோ என்ற ஆசை கிளம்பியது. சிலியிலிருந்து ஓகிள் குழு 20 ஆண்டுகளாகச் சேர்த்த தரவு 2024-இல் அதற்கு விடை சொன்னது. கரும்பொருள் முழுவதும் பத்துச் சூரிய எடையுள்ள கருந்துளைகளாக இருந்தால் 258 நிகழ்வுகள் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவை 13. அவற்றுக்கும் சாதாரண விண்மீன்களே போதுமான விளக்கம்.

இந்த மறுப்புக்கும் ஒரு விலை உண்டு. 258 என்ற எதிர்பார்ப்பு, கரும்பொருள் பால்வழியைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கிறது என்ற மாதிரியிலிருந்து வருவது. கருந்துளைகள் கொத்துக்கொத்தாக அடர்ந்திருந்தால் கணக்கு மாறலாம் என்று வாதிடுவோர் உண்டு. 258-க்கும் 13-க்கும் இடையிலான பள்ளத்தை அந்த வாதம் மட்டும் நிரப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இலேசான எடைப் பக்கம்தான் உண்மையான ஓட்டை. ஹவாயின் சுபாரு தொலைநோக்கி 2014-இல் ஒரே இரவில் ஏழு மணி நேரம், இரண்டு நிமிடத்துக்கொரு படமாக ஆந்த்ரோமீடா விண்மீன் மண்டலத்தைப் பார்த்தது. கரும்பொருள் முழுவதும் இலேசான கருந்துளைகளாக இருந்தால் ஆயிரம் நிகழ்வுகள் வரை எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் ஒரே ஒரு சந்தேக நிகழ்வுதான் சிக்கியது. ஆனால் சூரிய எடையில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போனால், வில்லையின் வீச்சைவிட பின்னாலுள்ள விண்மீனின் வட்டு பெரிதாகிவிடுகிறது. ஒளியின் அலைநீளமும் குறுக்கே நின்று பிரகாசத்தைக் கரைத்துவிடுகிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே உருவாகியிருக்கக்கூடிய, சிறுகோள் எடையுள்ள ஆதிக் கருந்துளைகள் அங்கே கரும்பொருள் முழுவதுமாகவே இருந்தாலும், இந்த முறையால் மறுக்க முடியாது.