கட்டிலைத் தூக்கிய கை

‘சந்திரமுகி’யை (2005) ஜோதிகாவுக்காகவே இன்னும் பார்க்கிறேன். வெளியே கிளம்பிய கங்காவைக் கணவன் தடுக்கிறான். மனநல மருத்துவரான நண்பன் சொல்லிக்கொடுத்த சோதனை அது. மனைவியின் கெஞ்சல் முகம் மெல்ல இறுகுகிறது, கண் விரிகிறது, குரல் மாறுகிறது, ஒற்றைக் கை கட்டிலைத் தூக்குகிறது. அந்தக் கோபம் பேயுடையதா, நோயுடையதா என்று மட்டும்தான் பி. வாசுவின் திரைக்கதை கேட்கிறது. கங்காவுடையதாகவே இருக்கலாம் என்று அதற்குத் தோன்றவேயில்லை. இதே கதையின் மலையாள மூலமான ‘மணிச்சித்ரதாழ்’ படத்துக்காக ஷோபனா தேசிய விருது பெற்றார். அங்கும் வைத்தியத்தை ஆண்களே கூடிப் பேசுகிறார்கள். இங்கே நடுவில் வடிவேலு வேறு! பொம்மை வேட்டையனைக் கொன்றதும் கங்கா குணமாகிவிடுகிறாள். எதிலிருந்து? ‘ரா ரா’ பாட்டில் ஜோதிகாவின் நிமிர்வைப் பாருங்கள்: யாரிடமும் அனுமதி கேட்காத கழுத்து அது.