பதக்க நூல்களும் பெயரற்ற மனிதரும்

முன்னோர் வழியே வந்த போர்ப் பதக்கம் ஒன்றை வைத்திருப்பவர் அதன் வரலாற்றை அறிய முற்படும்போது, முதலிற் கைக்குக் கிட்டுபவை பதக்கம் சேகரிப்போருக்கென எழுதப்பட்ட நூல்களேயாகும். இவ்வகை உசாத்துணை நூல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். பிரித்தானியப் பேரரசு நாலா திசையிலும் நடத்திய யுத்தங்களின் தொகை அத்தகையது. ஆயின் சேகரிப்பவரின் கேள்வி வேறு. பேரனின் கேள்வி வேறு. இது எத்துணை அரியது, என்ன விலை பெறும் என்று முன்னவர் கேட்கிறார். இதை அணிந்தவன் யார், யாருடைய தேவைக்காக எங்கே கொண்டு செல்லப்பட்டான் என்று பின்னவன் கேட்கிறான். இரண்டாவது கேள்விக்கு எவ்வளவு விடை தருகின்றன என்பதைக் கொண்டே இந்நூல்களை மதிப்பிடல் வேண்டும் என்பது எமது கருத்து.

டப்ரெல் டோர்லிங் என்ற கடற்படை அதிகாரி 1916இல் வெளியிட்ட ‘நாடாக்களும் பதக்கங்களும்’ இத்துறையின் பழைய கைநூல்களுள் ஒன்று. பதக்கம் தொலைந்து நாடாத் துண்டு மாத்திரம் எஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு இத்தகைய நூல் இன்றும் பயன்படும். நிழற்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் புரட்டுவோர் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. அக்காலத்துப் படத்தகடுகள் பல சிவப்பைக் கருமையாகவும் நீலத்தை வெளிறலாகவும் காட்டின.

மேஜர் கோர்டனின் ‘பிரித்தானியச் சமர்களும் பதக்கங்களும்’ 1947இல் வெளிவந்து, பின்னர் பிறராற் திருத்தி விரிக்கப்பட்டு, 2006இல் ஏழாம் பதிப்பைக் கண்டது. எந்தப் படையெடுப்புக்கு எந்தப் பதக்கம், அதன் நாடாவில் எந்தக் களத்தின் பெயர்ப்பட்டை, அக்களத்தில் எந்தப் படையணிகள் நின்றன என்பவற்றை இத்துணைச் செறிவாகத் தரும் நூல் வேறில்லை எனலாம். பின்னாளிற் பொருத்தப்பட்ட போலிப் பட்டையைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். அதன் உழைப்பைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. எனினும் எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஏன் நின்றார் என்பது இந்நூலின் விசாரணைக்குள் வருவதில்லை. படையெடுத்தவன் சூட்டிய பெயரே போரின் பெயராகி விடுகிறது. ஆண்டுதோறும் வெளியாகும் ‘பதக்க ஆண்டு நூல்’ விலைப்பட்டியலோடு வருகிறது. அதன் நோக்கத்தை மறைத்துக்கொள்ளாமையால் அதனோடு வழக்காட ஒன்றுமில்லை.

பதக்கம் வைத்திருப்பவர் நூலைத் திறக்குமுன் விளிம்பைப் பார்க்க வேண்டும். 1815ஆம் ஆண்டு வாட்டர்லூச் சமருக்கான பதக்கமே பிரித்தானிய அரசு அதிகாரியென்றும் சிப்பாயென்றும் பாராது எல்லாத் தரத்தினர்க்கும் வழங்கிய முதற் பதக்கம். அதன் விளிம்பிற் பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டது. முதலாம் மகாயுத்தப் பதக்கங்களிற் பெயரும் இலக்கமும் உண்டு. இரண்டாம் மகாயுத்தத்தில் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் பெயர் பொறித்தே கொடுத்தன. பிரித்தானிய அரசோ தன் படையினருக்கு வெறும் விளிம்போடு அனுப்பியது. பெயரில்லாத பதக்கத்தை எந்த நூலும் பேசவைக்க மாட்டாது. அது வந்த பெட்டியும் கூடவந்த துண்டுச்சீட்டுமே அப்போது சான்று. அவற்றைக் குப்பையெனக் கழிப்போர் பலர்.

பெயர் கிடைத்த பின் வேண்டியது வில்லியம் ஸ்பென்சர் 2006இல் வெளியிட்ட ‘பதக்கங்கள்: ஆய்வாளருக்கான வழிகாட்டி’. லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திற் போர்ச் சுவடிகளின் நிபுணராயிருந்தவர் இவர். பதக்கத்திலிருந்து மனிதனிடம் செல்லும் பாதையை இந்நூலே ஒழுங்காகக் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களாயின் எந்தத் தொகுதியிற் பெயர்ப்பட்டியலைத் தேடுவது, 1914-18 ஆயின் அட்டைகளிலிருந்து பட்டியலுக்கு எவ்வாறு செல்வது என்பனவெல்லாம் தெளிவாக உள்ளன. 1940 செப்டெம்பரில் ஜேர்மானியக் குண்டுவீச்சில் முதலாம் யுத்தச் சிப்பாய்களின் சேவைக் கோவைகளில் ஏறக்குறைய 60 வீதம் எரிந்தொழிந்தமையால், பலருக்கு அந்த அட்டையே எஞ்சிய ஒரே எழுத்து. ஆனாற் கியூவின் அலுமாரி முடியுமிடத்தில் இப்பாதையும் முடிகிறது. இந்தியச் சிப்பாயின் கோவை பெரும்பாலும் அங்கு இல்லை. 1921இல் 80 பாகங்களாக அச்சேறிய ‘மகாயுத்தத்தில் மாண்ட சிப்பாய்கள்’ என்னும் பெருந்தொகுப்பிலும் இந்தியப் படையினருக்கு இடமில்லை.

இங்கேதான் உலோகத்தின் கதை வருகிறது. 1914-18 பிரித்தானிய யுத்தப் பதக்கம் ஏறக்குறைய 65 இலட்சம் வெள்ளியிலும் 1,10,000 வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. வெண்கலம் யாருக்கு? சீன, இந்திய, மோல்ற்றா நாட்டுத் தொழிலாளர் அணிகளுக்கு. பதக்க நூல்கள் இவ்வெண்ணிக்கையைச் சொல்லி, வெண்கலம் அரிது, ஆதலால் விலை கூடியது என்று குறித்து அப்பாற் செல்கின்றன. மனிதனின் உழைப்பு மலிவாக மதிக்கப்பட்டமையாலேயே அவன் பதக்கம் இன்று ஏலத்தில் அருமையாயிற்று என்ற விசித்திரம் அவற்றின் கண்ணிற் படவில்லை.

இது பழைய வழக்கம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி பொன் முதல் ஈயக்கலவை வரை ஐந்து உலோகங்களிற் பதக்கம் வார்த்தது. சிப்பாய்க்குக் கிடைத்தது ஈயக்கலவை. (ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையைப் பறித்த 1795-96 படையெடுப்புக்கும் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது; வங்கப் பீரங்கிப் படையின் லஸ்கர்களுக்கு அது வெள்ளியிற் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) 1903-04 திபெத்துப் படையெடுப்பில் மலையேறிச் சுமை தூக்கியோருக்கு வெண்கலம். அப்பதக்கங்கள் பலவற்றின் விளிம்பிற் பெயருக்குமுன் பதவியாகப் பொறிக்கப்பட்டிருக்கும் சொல் ‘கூலி’. அச்சொல்லை ஆங்கிலத்துக்கு ஈந்தது நம் தமிழா, குஜராத்துப் பக்கத்துச் சாதிப்பெயரா என்று அகராதிக்காரர் வழக்காடட்டும். அரசனின் தலை ஒரு முகத்திலும் கூலி என்ற சொல் விளிம்பிலுமாக வார்த்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்! சீனத் தொழிலாளருக்கு அச்சொல்லும் இல்லை. அவர்களின் வெண்கலத்தில் இலக்கமும் அணியின் பெயருமே உள்ளன. ஆளின் பெயர் இல்லை.

தென்னாபிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் அணியின் நிலை இன்னும் கொடிது. பிரான்சிற் பாடுபட்ட அவர்களுக்கு வெண்கலத்தையும் கொடுக்கத் தென்னாபிரிக்க அரசு மறுத்தது. அவ்வணியிலேயே பசுட்டோலாந்து போன்ற பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து வந்தோர் அதனைப் பெற்றனர். மறுக்கப்பட்டோரின் பேரர்கள் எந்தப் பதக்கத்தின் விளிம்பைப் பார்ப்பது? பதக்கத்திலிருந்து தொடங்கும் நூல்கள் எல்லாம் இவர்கள் முன் வாயடைத்து நிற்கும்.

ஆகையினால் வேறு வகை நூலொன்றை இப்பட்டியலிற் சேர்க்க விரும்புகிறோம். ராதிகா சிங்கா 2020இல் வெளியிட்ட ‘கூலியின் மகாயுத்தம்’ பதக்க நூலன்று. ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியப் போரிடாப் பணியாளரை, சுமை தூக்கியோர், கழுதை ஓட்டியோர், மருத்துவமனையிற் துப்புரவு செய்தோர் முதலானோரை, வரலாற்றின் நடுவே நிறுத்துகிறது அது. எப்படித் திரட்டினார்கள், சிப்பாயினதினும் குறைந்த கூலியும் சலுகையும் எவ்வாறு நியாயப்படுத்தப்பட்டன, அதனை எதிர்த்து அவர்கள் என்ன பேரம் பேசினார்கள் என்பதையெல்லாம் விரிவாக ஆராய்கிறது. ஒரு வெண்கல வட்டத்தை வைத்திருப்பவருக்கு அது ஏன் வெண்கலமாயிற்று என்று விளக்குவது இந்நூலே. நடை சற்றுக் கடினமானது. பல்கலைக்கழகத்தாருக்காக எழுதப்பட்டதென்பது பக்கந்தோறும் தெரிகிறது. உயர்வகுப்பு மாணவருக்கு ஆசிரியர் துணை வேண்டும்.

லாகூர் அருங்காட்சியகத்திற் கிடந்த பஞ்சாப் பதிவேடுகள், ஊர் ஊராக எழுதப்பட்ட ஏறக்குறைய 3,20,000 பேரின் விபரங்கள், 2021இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அதே ஆண்டில் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு, ஆபிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்தோரே பெரும்பான்மையினராயுள்ள குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ, முற்றாகவோ நினைவுகூரப்படாது விடப்பட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. கோர்டனின் நூலும் ஸ்பென்சரின் நூலும் இவற்றுக்கு முற்பட்டவை என்பதை மறந்து அவற்றைக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. புதிய பதிப்பு வருமாயின் எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு.

ஒரு நூல் வாங்கவே வசதியுள்ளவர் ஸ்பென்சரை வாங்கலாம். கோர்டனின் பருநூலையும் சிங்காவின் நூலையும் நூலகத்திற் கேட்டுப் பார்ப்பது நன்று. இல்லையெனில் வாங்குமாறு எழுதிக் கொடுக்கலாம். ஆண்டு நூலுக்குப் பழைய புத்தகக் கடைப் பிரதி போதும். புதிய விருதுகளும் விலையுமே மாறும். 1918இல் முடிந்த யுத்தத்தின் நாடா மாறுவதில்லை.