பதினேழு கார்டு, ஒரு பட்டை பபிள்கம்

மெழுகுத்தாள் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. பின்பக்கத்தில் மடிப்பு இருக்கிறது. அதன் அடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து மெல்ல நெம்பினால் மெழுகு ‘பட்’டென்று விட்டுவிடும், தாள் கிழியாது. இரண்டு ஓரக் காதுகளையும் விரித்தால் வேர்க்கடலைப் பொட்டலம் போலத் தாள் மேசையில் படிந்துகொள்ளும். நடுவே பதினேழு கார்டு, ஒரு பட்டை பபிள்கம். கண்ணுக்கு முன்னால் மூக்குதான் வேலையைத் தொடங்கும். மெழுகு, சர்க்கரைப் பொடி, மட்டமான அட்டை மூன்றும் கலந்த வாசனை அது. கம் இன்றைக்குக் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும். வாயில் போடக் கூடாது. ஆனால் அந்த வாசனை மட்டும் இத்தனை வருஷமாக உள்ளேயே இருந்து நமக்காகக் காத்திருக்கிறது.

நான் சொல்வது 1987 டாப்ஸ் பேஸ்பால் கார்டுப் பாக்கெட். கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பாக்கெட் பிரிக்கிறேன். பிரிப்பதற்கு இதைவிட நல்ல பாக்கெட் இன்னும் என் கைக்கு வரவில்லை. விலைப் பட்டியலில் இதைக் கடைசி வரிசையில் வைப்பார்கள் என்று தெரியும். அளவு கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளிய காலத்துச் சரக்கு. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி கிடக்கும். அப்படிக் கிடப்பதுதான் அதன் பெருமை என்பது என் கட்சி.

1952 டாப்ஸைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சை பெர்கர் வடிவமைத்த கார்டு. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிய கதை. 2022-இல் ஒரு மிக்கி மேன்டில் கார்டு 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. எல்லாம் சரி. ஆனால் அது பார்க்கிற கார்டு, பிரிக்கிற கார்டு இல்லை. 1986 ஃப்ளீர் கூடைப்பந்துப் பாக்கெட்டும் அப்படித்தான். உள்ளே 57-ஆம் எண் ஜோர்டான் இருக்கலாம் என்பதற்காக ஒரு பாக்கெட்டுக்கே ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும். அதைப் பிரிக்கிறவர் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் முகம் அது.

என் அலுவலக நண்பர் ஒருவர் 1989 அப்பர் டெக் கட்சி. வெள்ளை அட்டை, ஹோலோகிராம், பளபளக்கும் ஃபாயில் உறை, முதல் எண்ணிலேயே கென் கிரிஃபி ஜூனியர். அச்சுத் தரத்தில் டாப்ஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபாயில் ‘சர்’ரென்று கிழிந்தால் கிழிந்ததுதான், திரும்ப மடித்து வைக்க முடியாது. அதைவிடப் பெரிய குறை அந்தக் கிரிஃபிதான். சிறு லீக் தொப்பியின் நிறத்தை மாற்றி மரைனர்ஸ் தொப்பியாக்கிய அந்த ஒரே கார்டு, கூடவே வருகிற மற்ற எல்லாவற்றையும் உமியாக்கிவிட்டது. கிரிஃபி இல்லாத பாக்கெட் தோற்ற பாக்கெட் என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பழக்கியது அந்த வருஷம்தான்.

எண்பத்தேழில் அந்தப் பதற்றம் கிடையாது. மொத்தம் 792 கார்டு. 132 கார்டு கொண்ட தாள் ஆறு என்பதால் வந்த எண் அது. பெட்டிக்கு 36 பாக்கெட். ஒரு பெட்டி முழுவதையும் பிரித்தாலும் 612 கார்டுதான், அதிலும் இரட்டைகள் வரும். ஆக, ஒரு பெட்டியோடு யாருக்கும் செட் முடியாது. விளிம்பு வரை மரப்பலகை ஓடுகிற அந்தச் சட்டத்தை ‘பழைய டிவிப் பெட்டி’ என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. 1962 டாப்ஸின் மரச்சட்டத்தை நினைத்துச் செய்தது அது. எங்கள் வீட்டு ரேழியில் தாத்தா படத்துக்கு இருந்த சட்டத்தின் நிறமும் அதேதான். எனக்கு அது உறுத்தியதே இல்லை. பழுப்பு ஓரத்தில் மூலை கொஞ்சம் மழுங்கினாலும் வெள்ளையாய்க் காட்டிக்கொடுத்துவிடும் என்பது மட்டும் உண்மையான குறை. பூச்சு இல்லாத அட்டை என்பதால் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பளபளப்புக்குப் பேர்போன 1991 ஸ்டேடியம் கிளப்பைப் பிரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அவர்கள் கையில் வருவது கார்டு இல்லை, செங்கல்.

1987-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஊர் பாளையங்கோட்டை. அந்த வருஷம் ரிலையன்ஸ் கோப்பை. அக்டோபர் 9-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா ஒரே ஒரு ரன்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்க, தெருவே துக்கம் காத்தது. எங்கள் கையில் பிக் ஃபன் பபிள்கம். அதோடு வருகிற கிரிக்கெட் வீரர் படத்தில் ரன் போட்டிருக்கும். ரன்களைக் கூட்டிக் கொண்டுபோனால் கடை அண்ணாச்சி, பக்கங்களை விரலால் ஓடவிட்டால் ஆள் பந்தடிக்கிற குட்டிப் புத்தகம் ஒன்று தருவார். கம் ஐந்தே நிமிஷத்தில் சவசவத்துப் போகும். படம் சட்டைப் பையில் மாதக்கணக்கில் இருக்கும். அதே வருஷம், பூமியின் அந்தப் பக்கத்தில், பென்சில்வேனியாவின் டூரியா ஊரில் இருந்த டாப்ஸ் ஆலையிலும் இதே மாதிரி கம்மையும் படத்தையும் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1998-இல் வேலைக்காக நியூ ஜெர்சி வந்து, ஒரு கடையில் முதல் பாக்கெட்டைப் பிரித்தபோது, கை தானாகவே முதலில் கம்மைத்தான் எடுத்தது.

மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன் அடித்த வருஷம் அது. அவருடைய 366-ஆம் எண் கார்டுக்காக எண்பத்தேழாம் வருஷப் பெட்டிகள் மேசைக்கு மேலே ஏறியிருந்தன. பிறகு ஊக்கமருந்து விவகாரம் வந்தது; 2010-இல் மெக்வயரே ஒப்புக்கொண்டார்; பெட்டிகள் மறுபடி மேசைக்கு அடியில் போயின. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். இதுவரை ஏழு பெட்டி. ஆண்டுக்குச் சுமார் பத்துப் பாக்கெட்தான் பிரிப்பேன்: சீசன் தொடங்குகிற நாள், தீபாவளி, மகள் பிறந்தநாள், அப்புறம் மனசு சரியில்லாத ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பேஸ்பாலை நான் கற்றதே அந்தக் கார்டுகளின் முதுகில்தான். மஞ்சளும் நீலமுமாக அச்சடித்த சாம்பல் நிற முதுகு. பீட் ரோஸ் கார்டைத் திருப்பினால் 1963-இலிருந்து வரிசை வரிசையாக எண்கள். இடம் போதாமல் எழுத்து எறும்பாகச் சுருங்கியிருக்கும். புதுப் பையன்களுக்கு இரண்டு மூன்று வரிதான். அந்தச் சில வரிகள்தான் என்னைப் பிடித்து நிறுத்துபவை. மெக்வயரின் முதுகில் பெரிய லீக் கணக்கு மூன்றே ஹோம் ரன். 320-ஆம் எண் பாரி பாண்ட்ஸுக்கு .223 சராசரி, 16 ஹோம் ரன். அந்த மனிதர் 762-இல் போய் நிற்பார் என்பதோ, அத்தனையும் அடித்தும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்னும் பெருமைமிகு அரங்கின் கதவு திறக்காது என்பதோ அந்தக் கார்டுக்குத் தெரியாது. பாக்கெட்டை மூடியபோது யாருக்கும் தெரியாது.

இவர்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான் பேச விரும்புவது 227-ஆம் எண்ணைப் பற்றி. ஜேமி மோயர், சிகாகோ கப்ஸ், இடதுகைப் பந்துவீச்சாளர். 1986-இல் ஏழு வெற்றி, நான்கு தோல்வி, 5.05 சராசரி. எந்தப் பிள்ளையும் அதை சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகத் தயங்கியிருக்க மாட்டான். முழுக் காமன், அதாவது யாரும் தேடாத சாதாரணக் கார்டு. ஆனால் இந்த மனிதர் தன் முதல் ஆட்டத்திலேயே ஸ்டீவ் கார்ல்ட்டனை எதிர்த்து வீசி ஜெயித்தவர். அதே கார்ல்ட்டன் இதே செட்டில் 718-ஆம் எண்ணில், எறும்பெழுத்து முதுகோடு இருக்கிறார். மோயரை அணிகள் கழற்றிவிட்டன. 1992 முழுவதும் எந்தப் பெரிய லீக் அணியிலும் அவர் இல்லை. பந்தில் வேகம் எப்போதுமே கிடையாது. இடமும் நேரமும் பார்த்துப் போட்டே 269 ஆட்டம் ஜெயித்தார். கடைசி வெற்றி 2012 மே மாதத்தில், 49 வயதில். அவரைவிட அதிக வயதில் பெரிய லீக்கில் ஜெயித்த பந்துவீச்சாளர் யாரும் இல்லை. கார்டில் இருந்த பெரும் பெயர்கள் எல்லாம் ஓய்வுபெற்று, மெக்வயர் பயிற்சியாளராகவும் ஆன பிறகு, 227-ஆம் எண் இன்னும் பந்து போட்டுக்கொண்டிருந்தது.

ஆகவேதான் பாக்கெட்டை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கிறேன். விசிறி மாதிரி விரித்துப் பெரிய பெயரைத் தேடக் கூடாது. மேல் கார்டிலிருந்து ஒவ்வொன்றாக: முகம், பிறகு முதுகு, பிறகு கீழே வைப்பது. பதினேழுக்கும் முழுசாக இருபது நிமிஷம் ஆகும். ஒரு முனையில் இருக்கிற கார்டில் கம் கறை இருக்கும். மறு முனையில் இருப்பதில் மெழுகு படிந்திருக்கும். மெழுகை நைலான் காலுறைத் துணியால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். கம் கறை போகாது, போகவும் வேண்டாம்.

அந்தக் கறைதான் ஒருமுறை எனக்குச் சாட்சி சொன்னது. ஒரு கண்காட்சியில் வாங்கிய பெட்டியில் முதல் பாக்கெட்டைப் பிரித்ததும் மனசு சுருங்கியது. கம் ஒரு பக்கம் இருக்கிறது, கறை நடுவில் இருக்கிற கார்டில். மடிப்பைப் பார்த்தால் மெழுகு அகலமாக இழுபட்டு இரண்டு தடம். யாரோ முன்பே பிரித்து, நல்லதை உருவிக்கொண்டு, சூடு வைத்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். விற்றவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். போன காசுக்கு நான் வருந்தவில்லை. முதல் ஆளாகத் திறக்கிறோம் என்ற நம்பிக்கையைத் திருடியதுதான் தாங்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் டாப்ஸ் பாக்கெட்டிலிருந்து கம் போய்விட்டது. கறை விழுகிறது, விலை குறைகிறது என்று குறைப்பட்டவர்கள் நம்மைப் போன்ற சேகரிப்பாளர்கள்தான். இனிப்புக் கடையில் பிள்ளைகள் வாங்குகிற பொருளாக இருந்தது அன்றோடு பெரியவர்களின் பங்குச் சந்தையாக மாறத் தொடங்கியது. பிறகு பளபளப்பு வகைகள், கையெழுத்துக் கார்டு, சட்டைத் துணி வெட்டி ஒட்டிய கார்டு, உலகத்தில் ஒன்றே ஒன்று என்று எண்ணிட்ட கார்டு. 2021-இல் விஸ்கான்சினில் கார்டுக்காக வாகன நிறுத்தத்தில் கைகலப்பு நடந்து, டார்கெட் கடைகள் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தன. இப்போது நேரலையில் யாரோ ஒருவர் உங்கள் பாக்கெட்டை உங்களுக்காகப் பிரிக்கிறார். நிமிஷத்துக்கு மூன்று பாக்கெட். காமன் கார்டுகளை ஓரமாக வீசுகிறார். பணம் கட்டியவருக்கு அவற்றை அனுப்பாதவர்களும் இருக்கிறார்கள். சாப்பாட்டை வேறொருவர் மென்று காட்டினால் நமக்குப் பசி ஆறுமா? பிரிக்காமல் பாக்கெட்டையே பூட்டி வைக்கிற முதலீட்டுக்காரர்களையும் எனக்குப் புரியவில்லை. இருந்தாலும், பாக்கெட்டின் உயிர் மடிப்புக்குள் இருக்கிறது என்பதையாவது அவர்கள் மதிக்கிறார்கள்.

2017-இலும் 2022-இலும் டாப்ஸே அந்த மரச்சட்டத்தைப் புது வீரர்களுக்குப் போட்டுச் சிறப்புக் கார்டாக வெளியிட்டது. நானும் ஆசையாக வாங்கிப் பார்த்தேன். வழவழப்பாக, வெள்ளையாக, வாசனையே இல்லாமல் இருந்தன.

போன மாதம் மகளோடு உட்கார்ந்து ஒரு பாக்கெட் பிரித்தேன். கல்லூரிக்குப் போகிற பெண், பேஸ்பாலில் அக்கறை இல்லாதவள். ஓஸி ஸ்மித் வந்தார், கிர்பி பக்கெட் வந்தார், அவள் கண்டுகொள்ளவில்லை. பதினோராவது கார்டில் நின்றாள். “இது யாருப்பா? ஏதோ பரீட்சை எழுதப் போற பையன் மாதிரி இருக்கான்.” திருப்பிப் பார்த்தாள், இரண்டு நிமிஷம் எண்களைப் படித்தாள். 227. மீதிக் கதையை நான் சொன்னேன். கார்டை அவளே எடுத்துக்கொண்டாள். இப்போது அவள் மேசை விளக்கில் சாய்ந்து நிற்கிறது.

என்னிடம் இன்னும் ஐந்து மோயர் இருக்கிறார்கள். ஏழாவது பெட்டியில் இரண்டு பாக்கெட் பாக்கி. தனிக் கார்டாகக் கடையில் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்; பாக்கெட்டில் வர வேண்டும், இல்லையென்றால் கைக்குக் கை மாற்றில் வர வேண்டும். செட் முடிய மூன்று குறைகிறது: 59, 412, 688. வாசகர்கள் யாரிடமாவது இவற்றில் இரட்டை இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு எந்த எண் கேட்டாலும் தருகிறேன். கம் கறை இருந்தாலும் பரவாயில்லை.